பங்குனிக் கடலும் தூரதேசத்துப் புயல்களும்

வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிற பங்குனியில், சென்னைக்குத் தெற்கே கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நீண்டு கிடக்கும் கடற்கரையில் விடியற்காலையில் போய் நிற்பவருக்கு, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கரையை அறுத்துக்கொண்டு போன சமுத்திரம் இதுதானா என்ற ஆச்சரியம் உண்டாகாமல் இராது. அலை வருகிறது, ஆனால் முழங்காலுக்கு மேல் எழும்பாமல், கரைக்கு மிக அருகில் வந்து ஒரே ஒரு தடவை மடங்கி விழுந்து, நுரையை விரித்துவிட்டுத் திரும்பிப் போகிறது. பைபர் படகைத் தள்ளுகிறவர்கள் அலைக்குக் காத்திராமல் தள்ளிவிடுகிறார்கள். அலைச்சறுக்குப் பலகையோடு வந்த இளைஞர்கள் மணலில் உட்கார்ந்து, கைப்பேசியில் அன்றைய கடல்நிலைக் குறிப்பைப் பார்க்கிறார்கள். அலையின் உயரம் அரை மீட்டருக்கு மேல் ஒரு மீட்டருக்குள்; அலைக்காலம் எட்டு வினாடி; காலையில் மெல்லிய காற்று, பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து சற்றே பலமான காற்று; மழை இல்லை: இவ்வளவுதான் அதில் இருக்கும். நாளைக்கும் மறுநாளைக்கும் அநேகமாக இதே வாசகம்தான். விசேஷம் ஒன்றுமில்லை என்று மூடிவைக்கத் தோன்றுகிற இந்தச் சிறு குறிப்பில்தான், கடலைப்பற்றி அறியவேண்டிய மிக முக்கியமான விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கடல் ஏன் அமைதியாக இருக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். காற்றினால் எழும் அலை எவ்வளவு பெரிதாகும் என்பது மூன்று காரணங்களைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது ஓயாமல் வீசுகிற நேரம், தடையில்லாமல் அது கடந்துவரும் நீர்ப்பரப்பின் நீளம். ஐப்பசி முதல் மார்கழி வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றுக்கு இம்மூன்றும் வாய்த்திருக்கின்றன. வங்காள விரிகுடாவின் நீளம் முழுவதும் அதற்கு ஓடுகளமாக அமைகிறது. தென்கரையார் கச்சான் என்று சொல்லுகிற தென்மேற்குக் காற்று வைகாசிக் கடைசியில்தான் முழு வலிமையோடு வரும். இடைப்பட்ட மாதங்களில் விரிகுடாவின் மேல் வாயுமண்டல அழுத்தம் ஏறக்குறைய சமனாகப் பரவி நிற்பதால், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் காற்று விரைந்து பாய வேண்டிய நிர்ப்பந்தமே இல்லை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இந்த விரிகுடாவில் புயல் தோன்றுவது மிக அபூர்வம்.

ஆகவே, அந்நாட்களில் கரையோர வானிலையை நடத்துவது பெரும்பாலும் உள்ளூர்க் காற்றே. சூரியனுடைய உஷ்ணத்தை நிலம் தன் மேல்தோலில் மாத்திரம் வாங்கிக்கொள்வதால் சீக்கிரம் சூடேறுகிறது. கடலோ அதே உஷ்ணத்தை ஆழத்துக்கும் கலந்து அனுப்பிவிடுவதால் அதன் மேற்பரப்பு நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறது. முற்பகலில் நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே புகுகிறது. கரையில் நின்று கவனிப்பவர் இந்தக் கடற்காற்றின் வரவை உடம்பில் உணர்வதற்கு முன்பே கண்ணால் காணலாம். தூரத்தில், அதுவரை பளபளத்துக்கொண்டிருந்த நீரின்மேல் கருநீலமாக ஒரு கோடு தோன்றும். அந்தக் கோடு கரையை நோக்கி நகர நகர, அதற்கு அப்பால் உள்ள பரப்பு முழுவதும் சிறு சிறு சுருக்கங்களாக மாறியிருக்கும். கோடு கரையைத் தொட்ட சில நிமிஷங்களில் மணலும் பறக்கத் தொடங்கும். பிற்பகலில் காணும் அலைகள் இந்தக் காற்று அங்கேயே பிறப்பித்தவை. மூன்று அல்லது நான்கு வினாடிக்கு ஒன்றாக, ஒழுங்கின்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும் அவற்றில் பலகையைச் செலுத்துவது யாருக்கும் சந்தோஷமாக இராது. அலைச்சறுக்குக்காரர்கள் விடியற்காலையிலேயே கடலுக்கு வந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் காற்றே இல்லாத விடியற்காலையில், எட்டு வினாடிக்கு ஒரு தடவை தவறாமல் வந்து மடங்குகிறதே, அந்த அலை எங்கிருந்து வருகிறது? அது இந்தக் கரையின் காற்றுக்குப் பிறந்ததன்று. தெற்கே எங்கோ சில நாட்களுக்கு முன்பு வீசி ஓய்ந்த காற்று நீரில் செலுத்திய சக்தி, தன்னைப் பிறப்பித்த காற்று அழிந்த பின்னும் பிரயாணம் செய்துகொண்டு இங்கே வந்து சேர்கிறது. இதை அறிந்துகொள்ள உதவுவது, குறிப்பில் உயரத்துக்கு அடுத்தபடியாக அச்சிடப்பட்டிருக்கும் அலைக்காலம் என்ற எண்.

உயரத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். குறிப்பில் சொல்லப்படும் உயரம் எல்லா அலைகளின் சராசரியும் அன்று, மிகப் பெரிய அலையின் அளவும் அன்று. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றுக்குச் சராசரி கண்டால் கிடைப்பது அது. ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் என்ற நார்வே தேசத்து விஞ்ஞானியும், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவருடைய மாணவர் வால்டர் மங்க் என்பவரும், இரண்டாம் உலக யுத்தத்தின்போது படைகளைக் கடற்கரைகளில் இறக்குவதற்கு உகந்த நாளைக் கணிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்த காலத்தில் இந்த அளவை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். படகோட்டி ஒருவர் வெறுங்கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லும் உயரத்தோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. குறிப்பில் ஒரு மீட்டர் என்று இருந்தால், அன்றைய தினத்தில் எப்பொழுதாவது இரண்டு மீட்டரை எட்டும் அலையும் ஒன்று வரக்கூடும் என்பதை மாத்திரம் மறவாமல் இருக்கவேண்டும்.

அலைக்காலம் என்பது ஓர் அலையின் முகடு ஓரிடத்தைக் கடந்த பிறகு, அடுத்த முகடு அதே இடத்தைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம். பார்வைக்கு அற்பமான இந்த எண்ணிலிருந்து அலையின் சரித்திரம் முழுவதையும் கணக்கிட்டுவிடலாம். ஆழ்கடலில் ஓர் அலையின் நீளத்தை அறிய வேண்டுமானால், அதன் காலத்தை அதனாலேயே பெருக்கி, வருவதை ஒன்றரைக்குச் சற்று மேலான ஓர் எண்ணால் பெருக்கினால் போதும். விடை மீட்டரில் கிடைக்கும். எட்டு வினாடி அலைக்கு நீளம் 100 மீட்டர். பதினெட்டு வினாடி அலைக்கு 500 மீட்டருக்குச் சற்று அதிகம். தன் நீளத்தில் பாதி ஆழம் வரைக்கும் அலை தண்ணீரை அசைக்கும் என்பதால், முன்னது 50 மீட்டர் ஆழத்தில் கடலடியைத் தொட்டுணர்கிறது. பின்னது 250 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணர்ந்து, வேகம் தளர்ந்து, நீளம் குறுகி, உயரத்தில் வளரத் தொடங்கிவிடுகிறது. இதன் பலன் கரையில் தெரியும். நடுக்கடலில் இரண்டும் ஒரே ஒரு மீட்டர் உயரமாக இருந்தாலும், கடற்பொறியியலார் கையாளும் சூத்திரத்தின்படி, எட்டு வினாடி அலை உடைகிறபோது 1.4 மீட்டராகவும், பதினெட்டு வினாடி அலை ஏறக்குறைய 2 மீட்டராகவும் நிற்கும். கரைக்கு அவை கொண்டுவந்து சேர்க்கும் சக்தியிலும் பின்னது முன்னதைப்போல் இரண்டே கால் மடங்கு. உயரத்தை மட்டும் படித்து அலைக்காலத்தைப் படியாமல் விட்டவர் குறிப்பில் பாதியைக்கூடப் படித்தவராகமாட்டார்.

நீண்ட அலைகளுக்கு வேகமும் அதிகம். இங்கே இயற்கை ஒரு விநோதமான ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. கூட்டமாகச் செல்லும் அலைகளில் ஒரு முகட்டைக் குறிவைத்துப் பார்த்துக்கொண்டே போனால், அது கூட்டத்தின் பின்புறத்தில் தோன்றி, நடுவே ஓங்கி, முன்புறத்தை அடைந்ததும் தேய்ந்து மறைவதைக் காணலாம். அதாவது, தனி அலை ஓடும் வேகத்தில் பாதி வேகத்தில்தான் கூட்டமும், கூட்டம் சுமந்துவரும் சக்தியும் முன்னேறுகின்றன. பதினெட்டு வினாடி அலைக்கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் செல்லும். பன்னிரண்டு வினாடிக் கூட்டம் ஏறக்குறைய 34 கிலோமீட்டர்தான். திருவிழாவுக்கு ஒரே ஊரிலிருந்து ஒரே வேளையில் புறப்பட்டவர்களில் வண்டிக்காரர் முந்தி வர நடந்துவருபவர் பிந்துவதுபோல, ஒரு புயல் ஒரே சமயத்தில் எழுப்பிய அலைகளில் நெடியவை முன்னும் குறுகியவை பின்னுமாகக் கரை சேர்கின்றன. எவ்வளவு முன், எவ்வளவு பின் என்பதைக் கொண்டு, புயல் எவ்வளவு தூரத்தில் எந்நாளில் வீசியது என்று கரையில் இருந்தபடியே சொல்லிவிடலாம்.

இது வெறும் காகிதக் கணக்கன்று என்பதை மங்க்கும் அவருடைய சகாக்களும் 1963-இல் நிரூபித்தார்கள். நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக் சமுத்திரத்தை ஊடறுத்துச் செல்லும் ஒரு பெருவட்டக் கோட்டின்மேல் வரிசையாக அளவுநிலையங்களை அமைத்தார்கள். இடையிலே சமோவா, பால்மைரா, ஹவாய் ஆகிய தீவுகள் கிடைத்தன. ஹவாய்க்கும் அலாஸ்காவுக்கும் நடுவில் தீவே இல்லாத வெறுங்கடலில், நெட்டுக்குத்தாகத் தண்ணீரில் நின்று மிதக்கும்படி கட்டப்பட்ட ஃபிலிப் என்ற விசித்திரமான கலத்தை நிறுத்தினார்கள். மங்க் தம் குடும்பத்தோடு சமோவாத் தீவில் போய்த் தங்கினார். அண்டார்க்டிகாவை ஒட்டிய கடலில் வீசிய புயல்களின் அலைகள் ஒவ்வொரு நிலையமாகக் கடந்து, கணித்த நாளில், கணித்த ஒழுங்கில், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அலாஸ்காவின் கரையைத் தொட்டன. புயலின் எல்லையை விட்டு வெளியேறிய பிறகு நீண்ட அலைகள் வழியில் இழப்பது மிகச் சொற்பம் என்ற உண்மைதான் அந்த ஆராய்ச்சியின் மகத்தான பலன். பூமியின் ஒரு பாதியில் எழும்பிய புயல் மறுபாதியின் மணலில் வந்து முடிகிறது என்பதை அந்த அளவுகள் தெளிவாகக் காட்டின. இந்த ஆராய்ச்சியைப்பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உண்டாகும் பக்திக்கு அளவில்லை.

நம் சமுத்திரத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். தெற்கு அட்சரேகை 40 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே, நிலத்தின் தடை அநேகமாக இல்லாமல், பூமியைச் சுற்றிச் சுற்றி மேல்காற்று வருஷம் முழுவதும் வீசிக்கொண்டிருக்கிறது. அங்கே அமைதியான பருவம் என்று ஒன்று கிடையாது. அந்தப் பிரதேசத்தில் கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் தெற்கே ஒரு பெரும் புயல் வீசுவதாக வைத்துக்கொள்வோம். பதினெட்டு வினாடி அலைகள் ஐந்தாம் நாளிலும், பன்னிரண்டு வினாடி அலைகள் ஏழரை நாள் கழித்தும் குமரிக்கரையை அடையும். அந்த ஐந்தாம் நாளில் குமரியில் வானம் வெளுத்திருக்கலாம். ஒரு மரத்தின் இலையும் அசையாதிருக்கலாம். கடல் தணிந்து கிடக்கலாம். அந்தச் சமயத்தில் முன்னறிவிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் கடல் ஏறிவந்து தெருவிலும் வீட்டிலும் புகுவதைத்தான் கேரளத்தாரும் குமரிக்கரையாரும் கள்ளக்கடல் என்று சொல்லுகிறார்கள். 2012-இல் யுனெஸ்கோ இந்தப் பெயரையே விஞ்ஞான வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. சித்திரை, வைகாசி மாதங்களில்தான் இதன் தொல்லை மிகுதி; தென்கோளத்தில் குளிர்காலம் நெருங்கி அங்கே புயல்கள் வலுப்பதும், இங்கே பருவக்காற்று தொடங்காமல் கடல் அமைதியாக இருப்பதும் அப்பொழுது ஒன்றுசேர்கின்றன.

2024 மே 6ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் அகப்பட்டு மாண்டுபோனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்பொழுது நடப்பில் இருந்தது. காற்றடித்து மழைகொட்டுகிற நாளில் யாரும் யாருக்கும் சொல்லாமலே கடலைவிட்டு விலகி நிற்பார்கள். வெயிலடிக்கிற நாளில் எச்சரிக்கையை நம்புவது மனித சுபாவத்துக்குக் கடினமாயிருக்கிறது. இரண்டு பெரும் அலைக்கூட்டங்களுக்கு நடுவே பத்து நிமிஷம், சில வேளை அதற்கும் மேலாக, கடல் ஒன்றும் செய்யாமல் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் இறங்கியவர் அதையே கடலின் இயல்பு என்று எண்ணிவிடுகிறார். கூட்டம் வந்து உடைந்து கரையில் குவித்த நீர் முழுவதும் திரும்பிப் போகும்போது, மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தைத் தேடி ஒரே வழியாக ஓடுகிறது. நல்ல நீச்சல்காரரும் அந்த இழுப்பை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்த முடியாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு வெளியேறியபின் கரைக்குத் திரும்புவதே பிழைக்கும் வழி.

கோவளத்துக்கும் சென்னைக்கும் இந்த அபாயம் சற்றுக் குறைந்த அளவில்தான் உண்டு. நேர் தெற்கிலிருந்து வரும் அலைகளை இலங்கைத் தீவு மறித்துக்கொள்ள, அதன் கிழக்குப்புறத்தைச் சுற்றி வளைந்து வருபவையும், இன்னும் கிழக்கேயிருந்து சாய்வாக வருபவையும் மாத்திரமே இவ்வளவு வடக்கே எட்டுகின்றன. பாக் நீரிணையில் உள்ள கரைகளுக்கு அதுவும் இல்லை. ஆயினும், மெரினாவைப் போன்ற சரிவு மிகுந்த கரையில், அலை ஆழமற்ற நீரை நெருங்கும்வரை உடையாமல் வந்து, கால்வைக்கும் இடத்திலேயே மடங்கி விழுவதால், அமைதியான நாளிலும் அங்கே குளிப்பது ஆபத்தானதே.

இவ்வளவையும் முன்கூட்டி யார் சொல்லுகிறார்கள்? 1999-இல் நிறுவப்பட்டு ஹைதராபாத்தில் இயங்கிவரும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் நாள்தோறும் கடல்நிலை அறிக்கையை வெளியிடுகிறது. செயற்கைக்கோள்கள் கடற்பரப்பின் காற்றையும் அலையின் உயரத்தையும் அளந்து அனுப்புகின்றன. கணினி சமுத்திரத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு அலைக்காலத்துக்கும் எவ்வளவு சக்தி காற்றிலிருந்து சேர்ந்தது, எவ்வளவு நுரையாகி அழிந்தது, எவ்வளவு அடுத்த கட்டத்துக்குப் போயிற்று என்று வரவுசெலவு எழுதுகிறது. கரையோரத்தில் நங்கூரமிட்ட மஞ்சள் நிற உருண்டை மிதவைகள், அலையோடு அலையாக ஏறி இறங்கி, தம் ஏற்ற இறக்கத்தின் முடுக்கத்தைக் கொண்டு அலையின் உயரத்தைக் கணித்து அனுப்பி, அந்தக் கணக்கைச் சரிபார்க்க உதவுகின்றன. அமைதியான மாதங்களில் இந்த அறிக்கைக்குத் தனியான ஒரு பலம் இருக்கிறது. உள்ளூர்க் காற்றின் அலை இன்னும் பிறக்காதது. அது எப்படிப் பிறக்கும் என்பது நாளைய காற்றைப் பொறுத்தது. தூரத்து அலையோ ஏற்கெனவே பிறந்து, அளக்கப்பட்டு, வழியில் வந்துகொண்டிருப்பது. ஆதலால் அது இன்ன நாளில் வரும் என்று நான்கைந்து நாள் முன்னதாகவே துணிந்து சொல்ல முடிகிறது.

கருவி இல்லாதவரும் அலைக்காலத்தைக் கரையிலிருந்தே அளந்துவிடலாம். தூண்டில் வளைவின் முனைக் கல்லையோ, நங்கூரமிட்ட படகையோ குறியாக வைத்துக்கொண்டு, ஒரு முகடு அதைத் தொடும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அதை எண்ணாமல் விட்டு, அடுத்ததிலிருந்து பத்து முகடுகளை எண்ணி, பத்தாவது தொடும்போது மறுபடியும் பார்த்து, கழிந்த வினாடிகளைப் பத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். உடைந்த நுரையை எண்ணக்கூடாது. உடைவதற்கு முன்னாலுள்ள வரிசையைத்தான் எண்ணவேண்டும். பங்குனியில் ஏழு, எட்டு, ஒன்பது என்று வந்துகொண்டிருந்த விடை ஒரு நாள் காலையில் பதினைந்து என்றோ பதினாறு என்றோ வருமானால், அலை எவ்வளவு சிறிதாகத் தோன்றினாலும், ஒரு பெரும் புயலின் முதல் தூதர்கள் வந்துவிட்டார்கள் என்று அறிந்துகொள்ளலாம். உயரம் அதன் பிறகே ஏறும்.

அமைதியான அலைகளுக்கும் வேலை உண்டு. மாரிக்காலத்து அலைகள் அரித்துக் கடலுக்குள் இழுத்துச்சென்று திட்டாகப் போட்டுவைத்த மணலை, இந்தச் சிறு அலைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு ஏற்றி, சித்திரைக்குள் கடற்கரையைப் பழைய அகலத்துக்குக் கொண்டுவருகின்றன. தெற்கேயிருந்து சாய்வாக வருவதால் மணலை வடக்கு நோக்கியும் நகர்த்துகின்றன; சென்னைத் துறைமுகத்தின் சுவர் அந்த மணலைத் தடுத்து நிறுத்தியதால்தான், அதற்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரத்துக் கரை அரிபட்டுப்போனதும் நிகழ்ந்தன.

ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், கிழக்குக்கரைத் துறைகளில் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். பைபர் படகுகள் மாத்திரம் போய்வரும். சித்திரைக் கடைசியில் விரிகுடாவின் உஷ்ணம் 30 பாகையை ஒட்டி நிற்க, அமைதிக்கு இனி உத்தரவாதம் இல்லை. 2019 ஏப்ரல் கடைசியில் பூமத்தியரேகைக்கு அருகே தோன்றிய ஃபானிப் புயல், தமிழ்நாட்டுக் கரையைத் தொடாமலே வடக்கே சென்று, மே 3ஆம் தேதி ஒடிசாவின் பூரியில் கரையேறியது. ஆனி, ஆடி வந்துவிட்டால் நிலைமை வேறு: காலையில் நிலத்திலிருந்து மேல்காற்று வீசி அலையின் முகத்தை மழமழவென்று நிமிர்த்திவைக்க, தெற்கிலிருந்து வரும் நீண்ட அலைகளும் அடிக்கடி வந்துசேர்வதால், அலைச்சறுக்கில் தேர்ந்தவர்கள் மாமல்லபுரத்தைத் தேடி வருவது அப்பொழுதுதான், 2023-இல் அங்கே நடந்த சர்வதேசப் போட்டியும் ஆகஸ்ட் மாதத்தில்தான் நடந்தது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கோ பங்குனியைவிட நல்ல மாதம் இல்லை. முழங்கால் அளவு அலை, கடற்காற்று எழுவதற்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரம், காலுக்குக் கீழே கெட்டியான மணல் ஆகிய மூன்றும் அப்பொழுது தினந்தோறும் கிடைக்கின்றன. அலைக்காலம் ஒற்றை இலக்கத்திலிருந்து தாவியிருக்கிறதா என்பதை மட்டும் இறங்குவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.